மொரிஸ் காருக்கு ஒரு போர்வை

என் இடது பக்க சீட்டுக்காரியே, பிலோமினா,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் ஹட்டனில், கார் சாமான் விற்கிற கடையில், முதலாளி "அளவு கொண்டாந்தீங்களா ஐயா?" என்று கேட்டார். நானும் பெரிய ஆள் மாதிரி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"சுற்றளவு முப்பத்தெட்டு. கை ஒன்பது. கழுத்து..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, எந்த ஊரு காரு இது? கையெல்லாம் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அது உன் ரவிக்கை அளவு, பிலோ. கிறிஸ்மஸுக்குத் தைக்கக் கொடுக்க நீ எழுதி, காரின் டேஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்த சீட்டு. நான் காரை அளந்து எழுதிய சீட்டையும் அதே பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். எடுக்கும்போது மாறிவிட்டது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சீட்டைத் திருப்பி வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த ரவிக்கையைத் தைக்கக் கொடுக்க உனக்கு நாள் கிடைக்கவில்லையே.

காருக்குப் போர்வை வாங்கத்தான் போனேன். "நமக்கே ஒரு கம்பளிதான், காருக்கு என்னங்க போர்வை?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பொறு, காரணம் இருக்கிறது.

நம் வீட்டின் பின்னால் மண்மேடு, முன்னால் ரோடு. நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் மொரிஸ் நின்றால் மனிதன் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். ஷெட் போட இடமில்லை என்பது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் காரை வாங்கிய நாளிலேயே தெரியும். வாங்கிக்கொண்டு வந்தபோது நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "தேயிலை ஸ்டோருல கொழுந்து வாட்டுறவருக்குக் காரு! இனி தொரைக்குத்தான் நடை" என்று சொல்லி, யாரும் கூப்பிடாமலேயே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாய். அன்றிலிருந்து அது உன் சீட்டு.

கண்ணாடிக்குச் சூட்டுக் காற்று அடிக்கிற சாமான் எல்லாம் அந்தக் காரில் கிடையாது. றொசல்லப் பக்கத்துப் பனியில் ஐந்து நிமிடம் ஓடினால் உள்பக்கம் மங்கிவிடும். நீ முந்தானையால் என் பக்கம் துடைப்பாய், பிறகு உன் பக்கம், பிறகு மறுபடி என் பக்கம். "என்னங்க, ரெண்டு பேருதான் இருக்கோம், பத்து பேரு மூச்சு விடுற மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் அடக்குங்க" என்பாய். நான் அடக்கிக் காட்டுவேன். அடுத்த வளைவில் மூச்சு முட்டி விட்டுவிடுவேன். நீ சிரிக்கிற சிரிப்பில் கண்ணாடி இன்னும் மங்கும்.

உன் அடக்கத்துக்குப் பிறகு நான் அதை ஓட்டவில்லை. மறுவாரமே மழை பிடித்தது. ஒரு சுருள் கறுப்புப் பொலித்தீன் வாங்கி, லொறிக்குக் கட்டுகிற மாதிரி காரைச் சுற்றி இழுத்து, கயிறு போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்தேன். எறும்பு நுழைய முடியாது. செய்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிய மூளை எனக்கு என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது தடவையும் கணக்கில் தவறியதும் தெரியும். பதினாறு மாதம் அப்படியே நின்றது கார்.

நம் ரெஜினா ஏப்ரல் லீவுக்கு வலப்பனையிலிருந்து வந்தாள். எனக்குப் பிறந்தவள் அங்கே கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்பதை ஊர் இன்னும் நம்பவில்லை. அதட்டல் மட்டும் இப்போது அதிபர் அளவுக்கு வந்துவிட்டது. வந்த மறுநாள் காலை பொலித்தீனை மொத்தமாக உருவிப் போட்டாள். உருவியவள் அப்படியே நின்றாள். பொனட் முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம். கதவுக்குக் கீழே துரு. சீட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம்.

"அப்பா! இது காரா, கருவாடா?"

"மழை படக்கூடாதுன்னுதாம்மா கட்டி வச்சேன்."

"தெனமும் காலைல ஓரத்தத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. என்னத்தப் பாத்தீங்க? இந்தத் துரு கண்ணுக்குத் தெரியலையா?"

பல் விளக்க வேண்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தவன் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அவள் விடுவாளா? தகர வேலை செய்கிற சுனில் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் காருக்குக் கீழே படுத்து, ஸ்க்ரூட்ரைவரால் அங்கே இங்கே குத்திப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஐயா, இது மழைல கெட்டது இல்ல. நீங்க கட்டின பொலித்தீன்ல கெட்டது. மண்ணுல இருக்கிற ஈரம் மேல வருது, வெளிய போக வழி இல்ல. உள்ளயே நிக்குது. இன்னொரு மழைக்காலம் இப்படிக் கெடந்தா தரைத் தகடு கையோட வந்திரும்." பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க ஸ்டோருல முப்பது வருஷம் வேலை செஞ்ச ஆளுதானே? கொழுந்த இப்படிக் கட்டி வைப்பீங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? சாக்கில் அமுக்கித் திணித்த கொழுந்து வியர்த்து, சூடேறி, சிவந்து போகும் என்பதைத் தவிர எனக்கு வேறு என்ன படிப்பு இருக்கிறது? உன்னை முதன்முதலாகத் திட்டியதே அதற்காகத்தான். நீ பறித்து நிறுவைக்குக் கொண்டுவந்த சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி அமுக்காத புள்ள, கொழுந்துக்கும் மூச்சு வேணும்" என்றேன். நீ தலையை நிமிர்த்தாமலே, "மூச்சு வேணும்னா நீங்களே வந்து ஊதுங்க" என்றாய். மலையே சிரித்தது. அடுத்த தை மாதம் நம் கல்யாணம்.

அன்று சாயங்காலம் ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதட்டல் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா, கண்டியில பழைய கார் சேக்குற ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருகிட்ட ஷெட்டு இருக்கு. மே மழைக்கு முன்ன நீங்க ஒழுங்கா ஒரு கவர் போட்டா காரு இருக்கட்டும். இல்லாட்டி குடுத்துருவோம்பா. அம்மா உக்காந்த காரு நம்ம கண்ணு முன்னாலயே மக்கிப் போறத என்னால பாக்க ஏலாது."

அதற்குத்தான் ஹட்டனுக்குப் போனேன். ரவிக்கைச் சீட்டுச் சிரிப்பு அடங்கியதும், முதலாளி என்ன கார் என்று கேட்டார். மொரிஸ் மைனர் என்றேன். "அத மொதல்லயே சொன்னா அளவே வேணாமே ஐயா. மானம் மிச்சமாயிருக்கும்" என்றார். நல்ல மனிதர். எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு மூன்று கவர்களை எடுத்து மேசையில் விரித்தார்.

முதலாவது வெள்ளி நிறம், கண்ணைப் பறித்தது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது" என்றார். "உள்ள இருக்கிறது வெளிய வருமா?" என்று கேட்டேன். "அது வராதுதான்" என்று ஒத்துக்கொண்டார். என் பொலித்தீனுக்கு வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரிதான் அது. இரண்டாவது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஷெட்டுக்குள் நிற்கிற காருக்காம், தூசிக்கு மட்டும். நம் மழையில் போட்டால் நனைந்த கம்பளி மாதிரி காரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மூன்றாவது சாம்பல் நிறம். பார்வைக்கு ஒன்றுமில்லை. மூன்று நான்கு அடுக்குத் துணி, மேலே விழுகிற மழை வழிந்து ஓடிவிடும், உள்ளே இருக்கிற ஆவி துணி வழியாகவே வெளியே போய்விடும், உள்பக்கம் வர்ணத்தைக் கீறாத மாதிரி மிருது என்றார். வாய்ச் சொல்லை நம்புகிற ஆளா நான்? துணியை மூக்கோடும் வாயோடும் சேர்த்து வைத்து ஊதினேன். காற்று மெதுவாக மறுபக்கம் போனது. "ஐயா, அது பலூன் இல்ல" என்றார் முதலாளி. பிறகு கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கிளாஸில் இருந்த பிளேன்டீயில் கொஞ்சத்தை மேலே ஊற்றினேன். மணிமணியாக நின்றது. என் கை நனையவில்லை.

"டீ ஊத்திப் பாத்த மொத ஆள் நீங்கதான்."

"ஸ்டோருல வேல செஞ்சவன் வேற எத ஊத்துவான் முதலாளி?"

அதையே எடுத்துக்கொண்டேன். நம் வளைவில் அடிக்கிற காற்றுக்குக் காரின் வயிற்றுக்குக் கீழே கட்டுகிற பட்டி இரண்டு இருக்கிறது. ஈரக் காருக்கு மேலே போடாதீங்க, தூசியோட போட்டா வர்ணம் கீறும், வெயில் வந்தா கழட்டிக் காயவிடுங்க என்று பத்தியம் மாதிரி சொல்லி அனுப்பினார்.

நேற்று வெயில் நன்றாக இருந்தது. ரெஜினா வலப்பனைக்குத் திரும்பிவிட்டாள். நானே காரைக் கழுவி, கதவெல்லாம் திறந்து காயவிட்டு, சீட்டுகளைத் துடைத்தேன். சுனில் பாஸ் துருவைச் சுரண்டி மருந்து அடித்துவிட்டார், பேட்டரியையும் சார்ஜ் போட்டுத் தந்துவிட்டார். என்ஜின் இருமி இருமி எழும்பியது. மூன்று மணிக்குப் போர்வையை எடுத்தேன்.

பிலோ, கார் போர்வை போடுவது இரண்டு பேர் வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் ஓடினால் முன்பக்கம் கழன்று வருகிறது. பின்னால் மாட்டிவிட்டு முன்னால் ஓடினால் பின்பக்கம். பக்கக் கண்ணாடிகளுக்குக் காது மாதிரி இரண்டு பை தைத்திருக்கிறார்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அந்தக் காது இரண்டும் பின் விளக்குப் பக்கம் தொங்குகிறது. தலைகீழாகப் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "அண்ணே, ஒரு கை புடிக்கட்டா?" என்று கேட்டார். "வேணாம்மா, முடிஞ்சிருச்சு" என்றேன். எதுவும் முடிந்திருக்கவில்லை.

படுக்கை விரிப்பு மடிக்கும்போது நீ அந்த முனையிலிருந்து வேண்டுமென்றே சுண்டி இழுப்பாயே. நான் தடுமாறி உன் மேல் வந்து விழுவேன். நேற்று அந்த முனையை பம்பரில் துணி கிளிப்பால் மாட்டினேன். கிளிப் இழுக்காது, சிரிக்காது. ஆனாலும் பிடித்துக்கொண்டது.

இன்று காலை எழுந்ததும் வழக்கம்போல வெளியே போனேன். பனி மூடி ரோடே தெரியவில்லை. இடது பக்கத்து ஓரத்தைத் தூக்கினேன். கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. உள்ளே எல்லாம் தெரிந்தது. சீட்டு காலியாக இருந்தது.

அங்கேயே நிற்கும்போது ரெஜினா வலப்பனையிலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, கண்ணாடியில ஈரம் இருக்கா?"

"இல்லம்மா. பளிச்சுன்னு இருக்கு."

"அப்ப நல்ல கவர்தான். காரு இனி தப்பிச்சிரும். கண்டிக்காரருக்கு நான் இல்லைன்னு சொல்லிர்றேன்." சந்தோஷம் அவள் குரலில் தெரிந்தது. "ஏம்பா, உங்க கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பனி."

"காரு போர்வைக்குள்ள, நீங்க பனியிலயா? உள்ள போங்க." பிறகு கேட்டாள். "கொழுந்து விஷயமெல்லாம் தெரிஞ்ச நீங்க, ஏம்பா இத்தனை மாசம் அந்தப் பொலித்தீன கழட்டாம விட்டீங்க?"

"சோம்பேறித்தனம்தாம்மா" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிற மாதிரிதானே நான் வாழ்ந்திருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மழைக்காலம் முழுக்க, வெயில் வரும்போதெல்லாம் போர்வையைக் கழற்றிக் காயவிட்டு, மறுபடி சரியான பக்கமாகப் போடுவேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மொரிஸில்தான் உன்னிடம் வருவேன். வழியில் கண்ணாடி மங்கினால் நானே துடைப்பேன். என் பக்கத்தையும், உன் பக்கத்தையும். பூவை உன் சீட்டில் வைத்துக் கொண்டுவருவேன்.

ரெஜினாவிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பொலித்தீன் கட்டியிருந்த அத்தனை நாளும், காலையில் ஓரத்தைத் தூக்கினால், கண்ணாடி உள்பக்கமாக மங்கிப் போயிருக்கும். யாரோ உள்ளே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. அது வெறும் மண் ஈரம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பதினாறு மாதத்தில் ஒருநாள்கூட நான் கதவைத் திறந்து பார்க்கவில்லை, பிலோ.

வலது பக்க சீட்டிலிருந்து,
உன் வீட்டுக்காரன்,
ரெஜினா அப்பா