கழுவாத அரை மணி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று மாலை நான்கு மணிக்கு முடிவு வந்துவிட்டது. மறுபரிசோதனை செய்த ஆய்வகத்தின் அறிக்கை, விசாரணைக் குழுச் செயலாளரின் கையெழுத்தோடு. கழுவாத ஆறு குழாய்களிலும் அந்நிய டி.என்.ஏ. இருக்கிறது. கழுவிய ஆறிலும் துளிகூட இல்லை. எலியின் செல்கள் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே ஒட்டிக்கொண்டிருந்ததைத்தான் உள்ளே போனதாக எழுதி, பெயர் வாங்கி, கடல் தாண்டிப் போனாய்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். செல்லின் வெளியே ஒட்டிய டி.என்.ஏ.வைத் தின்றுவிடும் நொதியை ஊற்றி, அரை மணி வைத்துக் கழுவ வேண்டும் என்று குழாயும் கையுமாக நின்றேன். "அரை மணியில ஒண்ணும் முழுகிடாதுக்கா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாய். நோட்டில் உன் கையாலேயே 'கழுவியாச்சு' என்று எழுதிவிட்டுக் கிளம்பினாய். நீ எடுத்தது போக மிச்சமிருந்த பன்னிரண்டு குழாய்களில் பாதியைக் கழுவினேன். பாதியை அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். பேனா மை குளிரில் உதிர்ந்துவிடும் என்று மூடிகளில் நெயில் பாலிஷ் வைப்பேனே, "அக்கா குழாய்க்கும் சிங்காரிக்கிறா" என்று ஆய்வகத்தையே கூட்டிச் சிரிப்பாயே, அந்தக் குழாய்கள்தான். கழுவியதற்குச் சிவப்பு, கழுவாததற்கு நீலம்.

மற்ற ஆய்வகங்களில் அதே சோதனையைச் செய்து பார்த்து உன் முடிவு வராமல் போனதும், "அக்கா கை சுத்தமில்லை, அவங்கதான் மாதிரியைக் கெடுத்துட்டாங்க" என்று சொன்னாய். என் பத்தொன்பது வருட ஆய்வக வேலை அந்த ஒரு வரியில் போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் உடைக்கும் கண்ணாடிக் குழாய்களைப் பெருக்குகிறேன். என் கைதான் காரணம் என்றால் பன்னிரண்டு குழாய்களிலும் தெரிந்திருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி.

குழாய்கள் எந்தத் தட்டில், நோட்டு எந்த அலமாரியில் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. போன வாரம் போனில் அழுதாய். "வீட்டு விஷயத்தை வெளிய கொண்டு போகாதேக்கா" என்றாய். என்னை வெளியே அனுப்பியபோது அது வீட்டு விஷயமாக இருக்கவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. உன் விருதுப் படம் இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது, நான் கழற்றவில்லை. நாளை கட்டு அவிழ்க்கிறார்கள். அறிக்கையை அம்மாவே படிக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி பாக்கி உன் பதில் மட்டும்தான். வரும் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் குழு உன்னை நேரில் விசாரிக்கும். என் தம்பிக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று செயலாளரைக் கேட்டேன்.

அரை மணி என்றார்.

அவசரப்படாமல் வா. அன்றைக்கு உன் உடம்பும் குரலும் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா