போன வழியே திரும்பாத நடை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எப்போதும் வழக்கத்துக்காக எழுதுகிற இந்த வரியை இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் செய்தி. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஐந்தே மாதத்தில், போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா நம் சுற்றை முழுசாக நடந்து முடித்துவிட்டாள். முன்வாசலில் கிளம்பி, வாய்க்கால் கரை, பம்ப் கொட்டகை, சோளக்காட்டு வரப்பு, செங்கல் சூளை என்று வந்து பின்வாசலில் நுழைகிற அதே நாலு கிலோமீட்டர்.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான், போன ரோட்டிலேயே திரும்பி வருவது முதல் வருஷத்திலேயே அலுத்துவிட்டது. அதனால்தான் கல்யாணமான புதிதில் இந்த வழியைக் கண்டுபிடித்தேன். அப்போது வீடு நிறைய ஆட்கள், இரண்டு வார்த்தை பேச மூலை கிடையாது. நாங்கள் சண்டை போட்டதுகூட வாய்க்கால் கரையில்தான், சூளை வருவதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பிறகு நீ வந்தாய், என் தோளில் சவாரி. ஆறு வயதில் பாதி வழியில், பம்ப் கொட்டகைக் கல்லில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, திரும்பிப் போனாலும் இவ்ளோ தூரம்தானே, அப்ப முன்னாடியே போலாம் என்று நீயாகவே எழுந்தாய். அதை டிப்போவில் நான் சொல்லாத ஆளில்லை. பதினாலு வயதில் எங்களைத் தெரியாத மாதிரி இருபது அடி முன்னால் போனாய், அது வேறு கதை.

லீவு போட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியதிலிருந்து அம்மாவுக்கு ரோஷம். சுற்றை முடித்த பிறகுதான் பதில் போட வேண்டும் என்று என் கையைக் கட்டிவிட்டாள். எனக்கோ பயம். அவளுக்குத் தெரியாமல் என் பழைய கண்டக்டரைப் பம்ப் கொட்டகையில் காரோடு நிற்கச் சொன்னேன். அந்த மகானுபாவர், அண்ணி, சீட் காலியா இருக்கு, வாங்க என்று கத்திக் காரியத்தைக் கெடுத்தார். அவள் அதே கல்லில், முகம் வெளுத்து, முழங்காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கு முடியலன்னா நீங்க ஏறிக்கோங்க என்றாள். நம்ம பொண்ணு இங்க சொன்னது மறந்துபோச்சா என்று கேட்டுவிட்டு எழுந்து நடந்தாள். கார் காலியாகவே போனது. எனக்கு இப்படி இரண்டு பேர் வாய்த்தீர்களே என்று பெருமை தாங்கவில்லை.

அம்மா எழுதச் சொன்னது இது. வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. குட்டிக்கு விடுமுறை விட்டதும் மூவரும் வாருங்கள், எங்களைப் பார்த்துக்கொள்ள இல்லை, எங்களோடு நடக்க. குட்டிக்குப் புது ஷூ வாங்கினால் கடிக்கும், அங்கேயே நாலு நாள் போட்டுப் பழக்கு.

இன்னொன்று, உனக்கு மட்டும். அந்த ஆறு வயதுக் கதையில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. சூளை தாண்டியதும் நீ என் தோளில் தூங்கிவிட்டாய், கடைசித் தெருவை உனக்கும் சேர்த்து நான்தான் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இதையும் நான் வெளியே சொல்லப்போவதில்லை, நீயும் அவளிடம் கேட்காதே.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஷூவை மறக்காதே. மறந்தாலும் பரவாயில்லை, தோள் இருக்கிறது.

உன் அப்பா