வராதவரின் பாத்திரம்

மார்ச் 3, திங்கள்

நான் பகடையை யார் மீதும் வீசவில்லை. மேசை மேல் வைத்தேன். ஒன்று உருண்டுபோய் எலக்ட்ரீஷியன் மடியில் விழுந்தது. உருள்வது பகடையின் தொழில். நூலகத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்களாம். மகள் கேட்டுவந்து சொன்னாள்.

நடந்தது இதுதான். கண் ஆபரேஷனால் மூன்று சனிக்கிழமை நூலக மாடி ஆட்டத்துக்குப் போகவில்லை. ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான்காவது வாரம் போனால், என் எல்லைக்காவலாளி செத்துப்போயிருக்கிறாள். எனக்கு இடப்பக்கம் உட்காரும் எலக்ட்ரீஷியன் அவளை எடுத்து ஆடி, ஆற்றில் இறக்கியிருக்கிறார். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஐந்து வருடமாக நான் பேசி, நான் யோசித்து, நான் வளர்த்த பாத்திரம். கதையை நடத்துகிற பல் மருத்துவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"உங்களை நம்பி ஒரு பல்பைக்கூட மாட்டச் சொல்லக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது மட்டும் உண்மை.

மார்ச் 4, செவ்வாய்

விதிப் புத்தகம், பக்கம் பதினொன்று. ஆட வராதவரின் பாத்திரம் முகாமில் தங்கும். அதற்குத் தீங்கு நேராது. இது இயல்பு விதி. மேசையில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு விருப்ப விதியை ஏற்றால் ஒழிய இதுதான் செல்லும். இதை நம்பித்தான் நான் போய் ஆபரேஷன் மேசையில் படுத்தேன்.

நீச்சல் விஷயத்தில் என் பங்கும் உண்டு. பாத்திரத் தாளில் 'குறை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். குறை எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. காலியாக விட்டால் புத்தகமே ஒன்றைத் தந்துவிடும்: நீச்சல் தெரியாது. சரி. அதனால்தானே நான் ஆற்றுப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை? தாளைப் படிக்காமல் ஆடியது யார்?

மார்ச் 5, புதன்

"ஒரு விளையாட்டுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்கிறாள் மகள்.

வாரத்தில் ஆறு நாள் நான் மருந்துக்கடையில் 'பெரியம்மா', ஆஸ்பத்திரியில் 'பாத்து நடங்க', இந்த வீட்டில் 'நீ உக்காரும்மா'. சனிக்கிழமை இரண்டிலிருந்து ஆறுவரை என்னைக் கேட்காமல் யாரும் எல்லை தாண்ட முடியாது. என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து போக ஆரம்பித்த மேசை. அவர் போன பிறகும் நான் விடாத ஒன்று.

இதை எப்படி இவளிடம் சொல்வது? 

மார்ச் 6, வியாழன்

பல் மருத்துவர் போன் செய்தார்.

"வராதவங்க ஆளைப் பக்கத்துல இருக்கறவர் ஆடலாம்னு எப்பவோ பேசி வச்சோம் மேடம். அப்படித்தான் ஞாபகம்."

"ஞாபகமெல்லாம் விதியாகாது டாக்டர். எழுத்துல காட்டுங்க."

"கிளினிக் பூரா தேடிட்டேன். பேப்பர் கிடைக்கல."

"அப்போ புத்தகம் சொல்றதுதான்."

 ஒப்புக்கொண்டார். அடுத்த வெள்ளிக்குள் தாள் கிடைக்காவிட்டால் காவலாளி சாகவில்லை, முகாமில்தான் இருந்தாள் என்று ஆகும். ஆனால் நான் வந்தால் எலக்ட்ரீஷியன் வரமாட்டாராம். "அந்த பல்பு பேச்சு அவருக்கு ரொம்ப வலிச்சிருக்கு மேடம். இருபது வருஷமா அதுதானே அவர் சோறு."

அவர் வராவிட்டால் என்ன? நியாயம் என் பக்கம்.

மார்ச் 8, சனி

இரண்டு மணி. போகவில்லை. துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

மார்ச் 12, புதன்

நூலக மாடியில் எங்கள் ஆட்டப் பெட்டி இருக்கிறது. ஜெயித்துத் திரும்பும்போது கையில் இருக்கட்டும் என்று என் பாத்திரத் தாளை எடுக்கப் போனேன். பழைய வரைபடங்களுக்கு அடியில் வேறொரு தாள்.

விருப்ப விதி 4. வராதவரின் பாத்திரத்தை அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஆடலாம். நேரும் நன்மை தீமை செல்லும். எழுத்தில் மாற்றும்வரை இது நடப்பில் இருக்கும்.

கீழே எல்லோர் கையெழுத்தும். எழுதியது — அந்தச் சாய்வெழுத்தைக் கான்வென்ட் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள் — நான்.

"கிடைச்சுதாம்மா?" என்று நூலகர் கேட்டார். கிடைத்தது என்றேன். தாள் கைப்பைக்குள் போய்விட்டது. நான்தான் வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

எப்படி மறந்தேன்? மறந்தேனா?

அவர் நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம். அவருடைய வைத்தியன் பாத்திரம் சனிக்கிழமைதோறும் முகாமில் படுத்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. விதியை மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றேன். எலக்ட்ரீஷியன் மட்டும் தயங்கினார். "அவர் ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா, மேடம்?"

"ஆனா ஆகட்டும். சும்மா படுத்துக் கிடக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

நான் சொன்னதுதான். அவருக்கு இடப்பக்கம் இருந்த நான் ஆடியதில் வைத்தியனுக்கு இரண்டு விரல் போயிற்று. வார்டில் பயந்து பயந்து சொன்னேன். அவர் சிரித்தார். "நீதானே ஆடினே, பரவாயில்ல. ஆனா என் வைத்தியன் ஏன் உன்னை மாதிரியே எல்லாரையும் அதட்டறான்?"

இந்தத் தாள் என்னிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. நாளை மாலை தாண்டிவிட்டால் காவலாளி பிழைப்பாள். நான் வாய் திறக்கவே வேண்டாம்.

மத்தியானம் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மறுபடியும் படித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

காலை பத்து மணிக்குக் கிளினிக்கில் தாளைக் கொடுத்தேன். டாக்டர் யாருடைய பல்லிலோ மும்முரமாக இருந்தார். நர்ஸிடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். பிறகு எலக்ட்ரீஷியன் கடைக்குத் தபால். நகல் இங்கே:

ஐயா,

விதி 4 நான் கேட்டு, நான் எழுதியது. நீங்கள் விதிப்படியே ஆடினீர்கள். எல்லைக்காவலாளி இறந்தது செல்லும். பல்பைப் பற்றி நான் சொன்னது செல்லாது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற வேண்டும் என்றால், பெறுகிறேன்.

புதிதாக ஒரு பாத்திரம் எழுதலாம் என்று இருக்கிறேன். பழையபடி உங்கள் வலப்பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? உண்டானால் வரமாட்டேன்.

எதுவானாலும், தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.