முந்திப் பாடும் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் சளியும் எப்படி இருக்கின்றன?

தம்பி அனுப்பிய உங்கள் பாடகர் குழுவின் புது ஒலிப்பதிவைப் பேருந்தில் கேட்டேன். கிராமிய மெட்டுத் துதிப்பாடல்களுக்கு இத்தனை வயலின்களா என்று அசந்து, இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும், "என்னக்கா, பஸ்லயே குடித்தனமா?" என்று ஆய்வகத் தோழி கேலி செய்தாள்.

ஆனால் வயலின்கள் ஓய்ந்து ஆண்கள் மட்டும் பாடும் ஒரு வரியில், எப்போதும் அரை நொடி முந்தும் உங்கள் குரலைக் காணோம். ஏழு தடவை கேட்டுவிட்டேன். போனில் கேட்டால், "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று மழுப்புவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உடம்புக்கு என்ன?

அந்த ஒரு வரியைப் பாடி, தம்பி போனில் பதிந்து அனுப்புங்கள். வழக்கம்போல் முந்தியே பாடுங்கள். சரியான நேரத்தில் பாடினால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மூத்தவள்