ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட்

ஜனவரி 12, 2025, ஞாயிறு. சன்னிவேல்

மியூனிக் விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜூன் 14 புறப்பாடு. நாங்கள் மூன்று பேர், என் தோழி விசாலாக்ஷி, அவள் கணவர் ஸ்ரீநிவாஸ். அவர்களுடைய பையன் தீபக் வரவில்லை. பெற்றோருடன் ஊர் சுற்றும் வயதைத் தாண்டிவிட்டானாம். எங்கள் ஃபைஹாவுக்குப் பதினாறு. அவளும் தாண்டிவிட்டாள், ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கே போனாலும் திட்டம் போடுவது நான்தான். பதினாறு வருடமாக அப்படித்தான். விசாலாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடுவாள். இன்று வழக்கத்துக்கு மாறாகக் கருத்து சொன்னாள்.

"ரீஃபண்டபிள் போடு டி."

"ஆளுக்கு இருநூறு டாலர் கூட. எதுக்கு?"

"எதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? போகத்தானே போறோம்."

மூன்று தடவை சொன்னாள். ஸ்ரீநிவாஸ் சோபாவில் என் கணவர் தௌபீக்கோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ரிமோட்டைத் தேடினார். கையிலேயே வைத்திருந்தார். நான் ரீஃபண்ட் இல்லாததையே போட்டேன். "சரி" என்றாள். கிளம்பும்போது கார் கதவைச் சாத்திக்கொண்டே மறுபடி அதையே ஆரம்பித்தாள். கையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

செலவாளி. அவளைத் திருத்த முடியாது.

ஜனவரி 19

ரயில்களைப் பார்த்தேன். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க், அங்கிருந்து வியன்னா, வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா. மூன்று நாடு. கடைசி இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். சாயந்தரம் 101 ஹைவேயில் சான் ஹோசேக்குள் நுழைய எனக்கு அதைவிட அதிகமாகும், நாடும் மாறாது.

வேக ரயில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் தௌபீக். வருடத்துக்கு ஒரு தடவை தானே. சரி.

பிப்ரவரி 11

தௌபீக்குக்கு வேலை போய்விட்டது. காலை ஆறு மணிக்கு ஈமெயில். ஆறரைக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது. பதினான்கு வருடம்.

எட்டு மணிக்குக் கம்பெனி ஷட்டில் பஸ் வழக்கம்போல் தெருமுனையில் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். அது போன பிறகு தோசை சுட்டேன்.

பிப்ரவரி 13

ஸ்ரீநிவாஸ் அதே கம்பெனியில் டைரக்டர். யார் யாரை நீக்குவது என்று பட்டியல் போட்டவர்களில் அவரும் ஒருவர். தௌபீக்கோடு வேலை பார்த்த மாதவ் போனில் சொன்னான். டிசம்பரிலேயே பட்டியல் தயாராம்.

டிசம்பர். அப்புறம் ஜனவரியில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என் டீயைக் குடிச்சிட்டு - அய்யாயிரம் டாலருக்கு நான் டிக்கெட் போடறதைப் பார்த்துட்டு - ஒரு வார்த்தை? ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

மத்தியானம் விசாலாக்ஷி வந்தாள். கையில் புளியோதரை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நசீ, உள்ள வந்து பேசறேனே."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

கதவைச் சாத்திவிட்டேன். புளியோதரை வெளியே நின்றது. ஃபைஹா ஸ்கூலிலிருந்து வந்து அதை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அது நல்லா இருந்ததாம். நான் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நோன்பின் முதல் வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வருடமும் இன்று இரண்டு பானைக் கஞ்சி. எங்களுக்குக் கறி போட்டது. விசாலாக்ஷிக்குக் கறி போடாமல், வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக, சின்னப் பானை. மஃரிப் தொழுகைக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவேன். பத்து நிமிட டிரைவ்.

இன்றும் இரண்டாவது பானை வைத்துவிட்டேன். பாதி வெந்த பிறகுதான் கவனித்தேன். அணைக்க மனம் வரவில்லை. வெந்ததும் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தேன்.

ஃபைஹா பார்த்துக்கொண்டிருந்தாள். "மாம், ஆர் வி ஸ்டில் மேட் அட் தெம்?"

ஆமாம், இன்னும் கோபம்தான் என்றேன். அவள் தலையாட்டினாள், வானிலை அறிக்கை கேட்டுக்கொண்ட மாதிரி.

ஏப்ரல் 6

விமான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். விமானக் கம்பெனியில் ஒரு பெண்ணிடம் நாற்பது நிமிடம் பேசினேன். என் நிலைமை அவளுக்குப் புரிகிறதாம். ஓட்டலும் அப்படியே.

போகாமல் இருக்கலாமா என்று தௌபீக்கிடம் கேட்டேன்.

"இங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு அங்க போய் உக்காரலாம்."

அவர் பகடி செய்தாரா என்று தெரியவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவர் குரலில் அது தெரிவதில்லை.

போகிறோம் என்றால் வேக ரயில் கிடையாது. அவர்களோடும் கிடையாது. அதே விமானம், அதே ஓட்டல், அதே காலைச் சாப்பாடு. ஆனால் சேர்ந்து போகவில்லை. இதை எப்படிச் செய்வது?

ஏப்ரல் 20

மலிவாகப் போக வழி இருக்கிறது. பவேரியா மாநிலத்துக்கு ஒரு நாள் டிக்கெட். வேக ரயிலில் செல்லாது, ஊருக்கு ஊர் நிற்கும் ரயிலில் மட்டும். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் ஏறலாம். எல்லையைத் தாண்டி சால்ஸ்பர்க் வரைக்கும் அது போதும். வேக ரயிலைவிட அரை மணி போல அதிகமாகும், அவ்வளவுதான். பிராட்டிஸ்லாவாவுக்கும் இப்படி ஒன்று உண்டு. போக வர, அந்த ஊர் டிராமும் சேர்த்து.

பவேரியா டிக்கெட்டில் ஒரு விஷயம். முதல் ஆளுக்குத்தான் பெரிய விலை. அடுத்தடுத்த ஆளுக்குக் கொஞ்சம்தான் ஏறும். ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், சேர்ந்து போனால். பெயர்களை அதிலேயே எழுத வேண்டும்.

ஐந்து பேர் வரை. படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன்.

ஏப்ரல் 21

எங்கள் இரண்டு குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் பிப்ரவரி 9க்குப் பிறகு யாரும் எதுவும் போடவில்லை. கடைசியாக இருப்பது நான் போட்ட பீர்க்கங்காய்த் துவையல் படம். அதன் கீழே எழுதினேன்: "நாங்கள் சாதா ரயிலில் போகிறோம். நீங்கள் வேக ரயிலில் போகலாம்."

இரண்டு மணி நேரம் கழித்து விசாலாக்ஷி: "நாங்களும் சாதா."

பாவம் பார்க்கிறாளா? பார்க்கட்டும். அவர்கள் டிக்கெட்டை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

மே 15

தௌபீக்குக்கு மூன்றாவது இண்டர்வ்யூ. திருமணத்துக்குத் தைத்த சட்டை போட்டுக்கொண்டார். வீடியோவில் கழுத்துக்குக் கீழே தெரியவில்லையாம்.

ஜூன் 15, மியூனிக்

விமானத்தில் அவர்களுக்கு எங்களுக்கு முன் வரிசை. பதினோரு மணி நேரம் விசாலாக்ஷியின் பின்னந்தலையைப் பார்த்தேன். சாயம் பூசுவதை நிறுத்திவிட்டிருக்கிறாள்.

ஜூன் 18, சால்ஸ்பர்க்

எழுத வேண்டியது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

எட்டே முக்காலுக்கு மியூனிக் ஸ்டேஷன். டிக்கெட் மெஷின் முன்னால் ஒன்பது மணி ஆகக் காத்திருக்கும் கூட்டம். உலகம் முழுவதிலிருந்தும் வந்த சிக்கனக்காரர்கள், முதல் பந்தி எழுந்திருக்கக் காத்திருக்கும் கல்யாண விருந்தாளிகள் மாதிரி, பக்கத்து நடைமேடையில் வேக ரயில் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் இனம்.

என் முறை வந்தது. எத்தனை பேர் என்று மெஷின் கேட்டது. மூன்றைத் தொட்டேன்.

பின்னாலிருந்து விசாலாக்ஷி எட்டிப் பார்த்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேரில் பேசிய முதல் வார்த்தைகள்:

"அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்னு போட்டிருக்கே டி. தனியா வாங்கினா தண்டம்."

என்னிடம். தண்டம் என்று என்னிடம் சொல்கிறாள்.

"ஒரே டிக்கெட்னா சேந்தே ஏறணும், சேந்தே இறங்கணும்" என்றேன்.

"இருக்கோம். எங்க ஓடப் போறோம்?"

பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது. மூன்றை அழித்து ஐந்தைத் தொட்டேன். நிபந்தனைகள் வந்தன. மாற்ற முடியாது, பணம் திரும்பாது.

"இதுக்கும் ரீஃபண்ட் கிடையாதா?" என்றாள்.

"கிடையாது."

"சரி."

இந்தச் சரியை எனக்குத் தெரியும். என் சாப்பாட்டு மேஜையில், முறுக்குத் தட்டுக்கு மேலே, ஜனவரியில் கேட்டது. கை அப்படியே நின்றது. மெஷின் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னது. விசாலாக்ஷிதான் என் கார்டைப் பிடுங்கி உள்ளே சொருகினாள்.

ரயிலில் பேனா எடுத்துப் பெயர்களை எழுதினேன். நசீமா, தௌபீக், ஃபைஹா, ஸ்ரீநிவாஸ். விசாலாக்ஷிக்கு இடம் போதவில்லை. ஓரத்தில் மடக்கி எழுதினேன். அவள் எதிரே உட்கார்ந்து மடக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜனவரில நீ மூணு தடவ சொன்ன" என்றேன்.

"நாலு. கார்ல ஏறும்போதும் சொன்னேன். நீ டாட்டா காட்டின."

"நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் எங்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாது. தூக்கமில்லாம உளறிட்டார். நான் வெளிய சொன்னா அவர் வேலையும் போயிருக்கும். வேற எப்படி டி சொல்லட்டும்? உனக்குப் புரியும்னு நெனச்சேன். ரீஃபண்டபிள் போடுன்னு நான் எந்த ஜென்மத்துல சொல்லியிருக்கேன்?"

ஜனவரியில் எனக்குத் தோன்றியது அவளைத் திருத்த வேண்டும் என்பதுதான். ஆளுக்கு இருநூறு டாலர் மிச்சம் பிடித்தேன் என்று இரண்டு வாரம் பெருமைப்பட்டேன்.

வெளியே மாடுகள். ஏரி. அதற்கப்புறம் மாடுகள்.

ஸ்ரீநிவாஸ் காலி இருக்கைகளை விட்டுவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். ரோசன்ஹைம் ஸ்டேஷன் தாண்டியதும் தௌபீக் தன் பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருப்பா ஸ்ரீநி. டிக்கெட்ல உம் பேரும் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். சால்ஸ்பர்க் வரை இருவரும் பேசியது இரண்டு வாக்கியம். இரண்டும் அடுத்த ஸ்டேஷனைப் பற்றியவை.

டிக்கெட் பரிசோதகர் ஐந்து பேரையும் எண்ணினார். ஓரத்தில் மடக்கிய பெயரை உச்சரிக்க முயன்றார். "எஸ்" என்றாள் விசாலாக்ஷி, அவர் முடிக்கும் முன்பே.

எனக்குக் கோபம் போய்விட்டதா? அவள் மேல் இருந்தது போய்விட்டது. ஸ்ரீநிவாஸ் மேல் இருக்கிறது. அது எங்கேயும் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவரும் கூட உட்கார்ந்து வரலாம்.

ஜூன் 22, பிராட்டிஸ்லாவா

காலையில் வியன்னாவில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு நாடு. விசாலாக்ஷிக்குச் சாப்பிட உருளைக்கிழங்கு மட்டும் கிடைத்தது. ஹலால் தேடிய எனக்கும் அதே. திரும்பும் ரயிலில் என் தோளில் தூங்கிவிட்டாள். கனமான தலை.

ஆகஸ்ட் 19

தௌபீக்குக்கு வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி, ஃப்ரீமான்ட்டில். சம்பளம் குறைவு. ஷட்டில் இல்லை. திருமணச் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விசாலாக்ஷி வந்தாள். டிசம்பரில் சென்னை போகிறார்கள், மூன்று பேர். டிக்கெட் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். முறுக்கு வைத்தேன். தொடவில்லை.

துபாய் வழியாக நல்ல விலை. "இதைப் போட்டுடவா? ரீஃபண்ட் கிடையாது" என்றேன்.

"ரீஃபண்ட் இருக்கறதையே போடு டி."

அவளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தன் பேரும் பட்டியலில் இருப்பது ஸ்ரீநிவாஸுக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னது, இன்னும் எத்தனை நாள் - எதையும் கேட்கவில்லை. ஆளுக்கு இருநூற்று முப்பது டாலர் கூட. போட்டேன்.

அவள் போன பிறகு கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் ஊற வைத்தேன்.

தௌபீக் அடுப்பை எட்டிப் பார்த்தார். "நோன்புக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே?"

"தெரியும்" என்றேன்.

சின்னப் பானை, வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக. அவர் கார் சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.