வாசல் வெளிச்சத்தில் ஒரு மானிட்டர்

தோஸ்த்,

புது மானிட்டர் வந்து ஒரு வாரம் ஆகிறது. அறைக்குள் நுழைந்தால் இன்னும் புது பிளாஸ்டிக் வாசனை அடிக்கிறது. நீ இருந்திருந்தால் பெட்டியைப் பிரித்ததும் மூக்கைக் கொண்டுபோய் அதன் முதுகில் வைத்திருப்பாய். செருப்போ செல்போனோ, எதை வாங்கினாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிற ஆள் நீ. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு மூக்குதான் முதல் கண் என்று பெருமை வேறு. நான் கிண்டல் செய்வேன். இந்த முறை பெட்டியைப் பிரித்ததும் நானே குனிந்து மோந்து பார்த்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

முப்பத்திரண்டு அங்குலம், ஃபோர் கே, தட்டைத் திரை. நாம் பார்த்து வைத்த அதே மாடல். மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பழையதில் நாம் கார் ரேஸ் ஆடினால் திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி உனக்கு, கீழ் பாதி எனக்கு. ஆளுக்கு ஓர் உள்ளங்கை உயரம்தான் கிடைக்கும். தோற்றுப்போனால் நீ மானிட்டரைத்தான் திட்டுவாய். "பெருசா ஒண்ணு வாங்குடா. இதுல என் காரு எறும்பு மாதிரி ஓடுது" என்பாய். ஜெயித்தால் மட்டும் மானிட்டரைப் பற்றிப் பேச்சே வராது.

வேலூரில் டிப்ளமோ படித்த காலத்திலிருந்து நமக்கு இந்தப் பைத்தியம். படிப்பு முடிந்து நீ உன் ஊரான மேல்விஷாரத்திலேயே ஒரு ஷாப்பில் தோலுக்கு நிறம் சேர்க்கிற வேலையில் சேர்ந்தாய். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில், ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்ப்யூட்டரில் கோடு போட்டு பேட்டர்ன் எடுக்கிற வேலையில் சேர்ந்தேன். லீவு நாளில் நீ என் வீட்டுக்கு வருவதும், இருவரும் குழந்தைகள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டு கேம் ஆடுவதும் கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை.

அப்படி ஒருநாள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தோம். உன் அணிக்குப் பச்சைச் சட்டை, என் அணிக்குச் சிவப்பு. நான் பந்தை அழகாக உன் ஆளுக்கே தள்ளிக்கொண்டிருந்தேன். "டேய், அது என் ஆளுடா! இன்னா, தோக்கணும்னு வேண்டுதலா?" என்று சிரித்தாய். மறுபடியும் அதையே செய்தபோது நீ சிரிக்கவில்லை. உன் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் தோல் துண்டுகளில் இரண்டை எடுத்து நீட்டினாய். "இதுல எது டேன், எது ஆலிவ்?" என்று கேட்டாய். டேன் என்றால் பழுப்பு, ஆலிவ் என்றால் ஒருவிதப் பச்சை என்று எனக்குப் படித்துத் தெரியும், பார்த்துத் தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ரயில்வே பரீட்சையில் தேறி, மெடிக்கலில் கலர் புள்ளிப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் எண் தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் தோலை விட்டால் வேறு பிழைப்பு ஏது? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவன் ஷூ கம்பெனியில் இருக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து பயந்தே வேலை பார்த்தேன். நீ துண்டுகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாய். "சரி விடு. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கறேன்" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் நீயே உன் அணிக்கு வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டாய். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோடு போடுகிற வேலையாக இருந்தவரை தப்பித்தேன். பிறகு கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வந்தது. ஷூவைத் தைப்பதற்கு முன்பே அதைத் திரையில் நிறத்தோடு முழுசாகச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கேயிருந்து, சிவப்பு ஜாஸ்தி, கொஞ்சம் குறையுங்கள் என்று பதில் வரும். எனக்கு அங்கே சிவப்பு இருப்பதே தெரியாது. ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தத் திருத்தங்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மானிட்டரில் மாட்டி வைப்பேன். நீ வேலூர் வந்து, பஸ் மாறி, ஆம்பூரில் வந்து இறங்குவாய். ஒரு கையில் நான் கொண்டுவந்த மாதிரித் தோல் துண்டும் மறு கையில் மவுஸுமாக நிறத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்து, "போதும், இதான்" என்பாய். அப்புறம்தான் கேம். என் மனைவிக்கு நீ கேம் ஆட வருகிற ஆள், அவ்வளவுதான். "ரெண்டு கொழந்தைக்கும் டீ போடவா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள்.

பழைய மானிட்டர் கண் சிமிட்ட ஆரம்பித்ததும் இருவரும் வேலூர்க் கடைக்குப் போனோம். நீ வளைந்த திரையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாய். "காருக்குள்ளயே போய் உக்காந்த மாதிரி இருக்கும்டா" என்றாய். "என் கோடு நேரா இருக்கான்னு நான் எதுல பாக்கறது?" என்று கேட்டேன். கடைக்காரர் ஹெர்ட்ஸ், பேனல் என்று அடுக்கிக்கொண்டே போய், இதில் நூறு கோடி நிறம் தெரியும் என்று முடித்தார். நீ என் இடுப்பில் இடித்தாய். நூறு கோடியில் எனக்கு எத்தனை தேறும் என்பது உனக்கு மட்டும்தானே தெரியும்.

அதற்கப்புறம் நீ செய்த கூத்து இருக்கிறதே. உங்கள் தொழிலில் டியூப் லைட்டுக்குக் கீழே யாரும் நிறத்தை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். தோலை வாசலுக்குத் தூக்கிப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் ஆச்சு. "அண்ணே, இதை வாசலாண்ட வெச்சுக் காட்டுங்க" என்றாய்.

"பாய், இது மானிட்டரு. ஆட்டுத் தோலா, வெளிய எடுத்துக் காட்டறதுக்கு?"

"டியூப் லைட்டு பொய் சொல்லும்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வாசலில் வைத்துக் காட்டினார். நீ தோல் துண்டைத் திரையோரம் பிடித்துக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாய். ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்று மாற்றி ஒன்றாக அவரைத் தூக்க வைத்து, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்தாய். "இது பொய் சொல்லல. தட்டையாவும் இருக்கு, வேகமும் இருக்கு. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு." ஆனால் அது கடையில் ஓடிக்கொண்டிருந்த பீஸ் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாய். புதுசு வரட்டும், நானும் கூட வர்றேன், வாங்கிக்கலாம் என்றாய்.

அந்த வாரமே உன் தம்பி போன் செய்தார். "அண்ணன் போய்ட்டாரு" என்றார். பைத்தியக்காரன் மாதிரி, எங்கே என்று கேட்டேன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாய், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நானும் தோள் கொடுத்தேன். பாபியின், உன் மனைவியின், அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பாதி வழியில், இனி ஞாயிற்றுக்கிழமை யார் நிறம் சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. உனக்காக அழுதது எங்கே முடிந்தது, எனக்காக அழுதது எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பாய் கேட்ட மாடல் வந்திருக்கிறது என்று கடைக்காரர் கூப்பிட்டார். போனேன். என் வேலைக்கு அந்த வேகம் தேவையே இல்லை, கம்மியான மாடலும் இருக்கிறது என்று அவரே சொன்னார். இருந்தாலும் நீ தேர்ந்தெடுத்ததையே வாங்கினேன். "பாய் வரலியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பச்சை தூக்கலாக இருக்கிறது என்று ஒரு திருத்தம் வந்து பல நாளாகக் காத்துக்கிடந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த கையோடு மானிட்டரை வாசலுக்குத் தூக்கிப் போய், வயரை இழுத்து மாட்டி, திரையோரம் தோல் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்தால் எனக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாங்க இது, வடாம் காய வெக்கிற மாதிரி கொண்டாந்து வெச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்த மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"எனக்கு இந்தக் கலர் தெரியாது. எப்பவுமே தெரியாது. அவன்தான் பாத்துச் சொல்லிட்டிருந்தான்" என்றேன்.

"அண்ணன் அதுக்கா வாரா வாரம் வந்தாரு?" என்று கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே உங்க மேடத்துகிட்ட சொல்லிடுங்க. எவ்ளோ நாளைக்குத்தான் பயந்துட்டிருப்பீங்க?" என்றாள்.

மறுநாள் எங்கள் பிரிவுத் தலைவியான மேடத்தின் முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவ்ளோதானா? கலரை அந்தப் புதுப் பொண்ணு பாத்துக்கட்டும். உங்கள மாதிரி பேட்டர்ன் போட இங்க யாரு இருக்கா? இதுக்குப் போயி இப்டி வேர்த்து ஊத்தறீங்களே" என்றார்.

வெளியே வந்து நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் உன்மேல் கோபம்தான் வந்தது. இந்தத் தொழிலிலேயே ஊறியவன் நீ, இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காதா? போய்ச் சொல்லுடா, ஒண்ணும் ஆவாது என்று என்னைப் பிடித்துத் தள்ளியிருந்தால், வெயிலிலும் மழையிலும் பஸ் மாறி வந்திருக்க வேண்டாமே. ஓய்வே காணாத அந்த உடம்பை ஞாயிற்றுக்கிழமையாவது கிடத்தியிருக்கலாமே. தள்ளினால் நான் இன்னும் ஒடுங்கிப்போவேன் என்று உனக்குத் தெரியும். ஒருமுறை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "உனக்கா தைரியம் வர்றப்ப சொல்லு. அது வர்ற வரைக்கும் நான் வர்றேன்."

தைரியம் வந்துவிட்டது, தோஸ்த். நீ வருவது நின்ற பிறகு வந்தது. இனி எந்த வேலையையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. பாரம் இறங்கிவிட்டது என்று மனைவி நினைக்கிறாள், நானும் தலையாட்டுகிறேன். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நகர முடிகிறது. அதில் நீ இருப்பாய் என்றால் எனக்கு இந்தத் தைரியம் வேண்டாம். ஆயுசுக்கும் பயந்துகொண்டே இருக்கச் சம்மதம்.