இரண்டு சொட்டு எண்ணெய்

இன்று காலை தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நீ வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் வீடா, பஸ் ஒர்க்‌ஷாப்பா?" என்று கேட்பாய். இயந்திரத்தின் பக்கத் தகட்டில் நீ வைத்த சிவப்புப் பொட்டு இன்னும் அழியவில்லை. எதைக் கழற்றிப் பூட்டினாலும், முடுக்கிய ஸ்குரூவின் தலையில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பது உன் பழக்கம். என் மின்விசிறியில் இருக்கிறது, சோற்றுக் குக்கரின் அடியில் இருக்கிறது. "நான் தொட்டதுக்கு நான்தான் பொறுப்பு" என்பாய்.

எதிரே மேசையில் உன் கேமரா லென்ஸ் இருக்கிறது. அதை நான் உடைக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீயாவது நிம்மதியாகப் படி.

கவிதாவை உனக்கு நினைவிருக்கும். மறக்கக்கூடிய கல்யாணமா அது? ஏழு வருடம் கழித்து, ரவிக்கை தைக்க வேண்டும் என்று சென்ற வாரத்துக்கு முந்தின வாரம் என் வீட்டுப் படியேறி வந்தாள். மகளுக்குக் காதுகுத்து, இங்கேதான் கிள்ளான் கோயிலில். தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, அன்னைக்கு நீங்கதானே கூட விளக்கு புடிச்சீங்க, படம் நீங்களே எடுத்துக் குடுங்க. கல்யாணத்துலதான் அப்படி ஆயிடுச்சு, இதாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். என் வாயில் குண்டூசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்குத் தலையாட்டினோம் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது.

உன் கேமராப் பையை இரண்டு வருடமாக நான் திறந்ததில்லை. கேமராவுக்குச் சார்ஜ் ஏற்றியதும் உயிர் வந்துவிட்டது. லென்ஸ்தான் சரியில்லை. கீழ்நோக்கிப் பிடித்தால் உள்குழாய் தானாக வெளியே இறங்கியது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் பாதி தூரத்தில் இடித்து நின்றது. வளையத்தின் மேலிருக்கும் ரப்பர் பட்டை பழைய எலாஸ்டிக் போலத் தொய்ந்து கிடந்தது. நான் செய்த காரியம்தான் இத்தனை வருடம் கழித்தும் விடாமல் துரத்துகிறது என்று தோன்றியது.

கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூருக்குப் போனேன். பழுதுபார்க்கும் கடையில் ஒரு சீனப் பெரியவர் வளையத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இப்போது உதிரி பாகம் வருவதில்லை, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, "ஆன்டி, அடா லெத்தாக் மிஞ்ஞாக் கா?" என்று மலாயில் கேட்டார். எண்ணெய் கிண்ணெய் விட்டீர்களா என்று. இந்தக் குறையோடு வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாக இருக்கலாம். "தாக் அடா, தாக் அடா" என்று இரண்டு தரம் மறுத்துவிட்டு, லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் யோசித்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் யாருக்குப் பயந்து பொய் சொல்கிறேன்?

விட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை படமெடுத்தாய். தூசியும் திருநீறும் உள்ளே போய் வளையம் இறுகிவிட்டது. உன் வீட்டுச் சுவரில் ஈரம் என்று பை எப்போதும் என்னிடம்தான் இருக்கும். நீயோ வாரநாளெல்லாம் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்டு பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் கல்யாணத்துக்கு ஓடுகிறவள். வளையத்தோடு மல்லுக்கட்டி மணிக்கட்டு வீங்கி, என் வாசலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. எது இறுகினாலும் தையல்காரிக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே. ஒரு செவ்வாய்க்கிழமை, நீ வேலையில் இருந்தபோது, வளையத்தின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டுத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. சனிக்கிழமை நீ எடுத்துப் பார்த்து, "ஏய், தானா சரியாயிடுச்சுலா. அதுக்கே என்னப் பாத்து பாவமா போச்சு போல" என்று சிரித்தாய். அப்போதே பெருமையாகச் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாள் உன்னை அதிசயப்பட விட்டுப் பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் கவிதாவின் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. நீ மணவறையோரம் முழங்காலிட்டு எடுத்தாய், நான் பின்னாலிருந்து விளக்கைப் பிடித்தேன். பத்து விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. பிறகு கேமராவின் திரையைப் பார்த்தாய். தாலி கட்டிய படங்கள் அத்தனையும் வெளுத்துப்போயிருந்தன. மாப்பிள்ளையின் கை எது, தாலி எது என்று தெரியவில்லை. லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகடுகள் உண்டாம். எண்ணெய் உள்ளே ஊர்ந்து போய் அவற்றை ஒட்டவைத்துவிட்டால், மூட வேண்டிய நேரத்தில் அவை மூடாதாம். இதெல்லாம் நான் பின்னால் தேடித் தெரிந்துகொண்டது. ஆனால் என் கைதான் காரணம் என்பது, நீ லென்ஸைக் கழற்றியபோது உள்கண்ணாடி ஓரத்தில் மினுமினுத்ததைப் பார்த்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதற்றத்தில் நீ அதைக் கவனிக்கவில்லை.

மணமக்களை இன்னொரு தடவை தாலியைப் பிடித்தபடி நிற்கச் சொல்லலாமா என்று கவிதாவின் அம்மாவிடம் போய்க் கேட்டாய். "தாலி என்ன, ரெண்டு தடவ கட்டுற சாமானா? வாயக் கழுவு மொதல்ல" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. "தப்பு என்னுதுதான் ஆன்டி. செட்டிங் மாத்த மறந்துட்டேன் போல" என்று தலைகுனிந்து நின்றாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உனக்கு இரண்டடி பின்னால் நானும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கிள்ளானில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த ஆவணியில் உன்னைத் தேடி ஒரு கல்யாணமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சும்மா ஹூக்கு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் என்னிடம் பஞ்சு உதிராத வெட்டுத்துணி கேட்டு வாங்கிப் போனாய். அதற்கும் அடுத்த வாரம் லென்ஸைக் கொண்டுவந்து வைத்து, "கடையில குடுத்து சுத்தம் பண்ணியாச்சு. உள்ள பூஞ்சையாம்" என்றாய். எண்ணெயை எந்தக் கடைக்காரன் பூஞ்சை என்பான்? உண்மையைச் சொல்லியிருப்பானோ, நாளைக்குச் சொல்வானோ என்று அன்றிலிருந்து நீ படியேறும் சத்தம் கேட்டாலே உன் முகத்தைப் படிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் நான் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது, "இத எதுல எல்லாம் விடக்கூடாதுன்னு பாட்டில்ல எழுதி ஒட்டலாம்லா" என்றாய். யாருடைய பட்டுத்துணியிலோ எண்ணெயைக் கொட்டிவிட்டேன். "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு நீ மைலோ கலக்கப் போய்விட்டாய்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு டெங்கி என்று படுத்தாய், நான்கே நாள். மூன்றாம் நாள் சொல்லிவிட வேண்டும் என்று உறுதியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கண்ணைத் திறந்து, "கேமரா பைய உன்கிட்டயே வெச்சுக்கோ. யாருக்கும் குடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாய். எழுப்ப மனமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

கடைக்காரர் கைவிரித்த பிறகு, நானே திறப்பது என்று முடிவு செய்தேன். கைபேசியில் ஒரு வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. உள்குழாய் ஏறி இறங்கும் வளைந்த பள்ளத்தில் மூன்று சின்ன நைலான் உருளைகள் ஓடுகின்றன. அவை தேய்ந்தால்தான் குழாய் ஆடும், இடிக்கும் என்று அதில் சொன்னார்கள். அளவு பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். வந்த பொட்டலத்தில் இருந்தவை ஜாக்கெட் பொத்தானில் கால்வாசிகூட இல்லை. காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில், நூல்தூசி பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தினேன். கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். கழற்றும் ஸ்குரூக்களை வரிசையாகப் போட என் ஹூக்கு டப்பாவின் அறைகளைக் காலி செய்து எண் எழுதி வைத்தேன். உள்ளே ஒரு மெல்லிய கம்பிப் பட்டை இருக்கும், அது கிழிந்தால் லென்ஸ் செத்தது என்று வீடியோவில் சொன்னது காதிலேயே நின்றது. உன்னுடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கேமராவும் லென்ஸும்தான். இதையும் கெடுத்துவிட்டால் என்ன செய்வேன்?

ரப்பர் பட்டையின் ஓரத்தில் தையல் பிரிக்கும் ஊசியை விட்டு நெம்பினேன். கழன்று வந்தது. அடியில் ஒரு துணிப் பட்டை சுற்றியிருந்தது. தொய்ந்த ரப்பர் வழுக்காமல் இருக்க யாரோ அளவாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அரக்கு நிற சாட்டின். அது கவிதாவின் கல்யாண ரவிக்கைக்கு நான் வெட்டிய உள்துணி. என் கத்திரி வெட்டை எனக்குத் தெரியாதா? துணியை விலக்கினேன். கீழே மூன்று ஸ்குரூ. மூன்றின் தலையிலும் சிவப்புப் பொட்டு.

நீ கடைக்குக் கொடுக்கவில்லை. நீயேதான் திறந்திருக்கிறாய். என் வெட்டுத்துணியால் என் எண்ணெயை நீயே துடைத்திருக்கிறாய். அந்த லென்ஸ் உன் கையைத் தாண்டி இருந்த இடம் என் வீடு ஒன்றுதான். அந்த வாசனையும் உனக்குத் தெரியாததல்ல. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பூஞ்சை என்றாய். பாட்டிலில் எழுதி ஒட்டச் சொன்னதும் தெரிந்துதான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அழுகை பிறகுதான் வந்தது. ஐந்து வருடம் என்னைப் பயத்தில் வேகவைத்தாயே, ஒரு வார்த்தை, "தெரியும்டி, விடு" என்று சொல்லியிருந்தால் என்ன? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? அப்படியானால் அது என்னிடம் எதிர்பார்க்கக்கூடாத காரியம், உனக்கே தெரியும். சொன்னால் நான் வெட்கத்தில் உன் முகத்தில் விழிக்காமல் போய்விடுவேன் என்று பயந்தாயா? அப்படித்தான் போயிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கடைசியில் பையையும் என்னிடமே கொடுத்தாய்.

உன் பொட்டுகளை உடைத்துத்தான் ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டியிருந்தது. தேய்ந்த உருளைகளில் ஒன்று இரண்டாகவே விண்டிருந்தது. என் எண்ணெயால் அல்ல, வெறும் தேய்மானம்தான். புதியவற்றைப் பொருத்தினேன். எண்ணெய்ப் புட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடும்போது ஒரு ஸ்குரூ கைதவறித் தரையில் விழுந்து, அரைமணி நேரம் தவழ்ந்து தேடி, என் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்தேன். மாட்டித் திருப்பினால் வளையம் கடைசிவரை போனது. கீழ்நோக்கிப் பிடித்தால் குழாய் இறங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் வெளுக்கவில்லை. ஆனாலும் சிவப்புப் பொட்டு வைக்க எனக்குக் கை வரவில்லை. நான்தான் பொறுப்பு என்று இன்னும் யாரிடமும் சொல்லாதவளுக்குப் பொட்டு எதற்கு?

நேற்று கோயிலில் மொட்டையடித்து சந்தனம் பூசி, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவிதாவும் அவள் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது விட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "ஆன்டி, அன்னைக்குக் கல்யாணப் படம் கெட்டதுக்கு அவ காரணமில்ல. லென்ஸ்ல மெஷின் எண்ணெய் விட்டது நான். அவளுக்குத் தெரியாம விட்டேன். பின்னால அவளே கண்டுபிடிச்சுட்டா" என்றேன். கவிதாதான் கேட்டாள், "இப்ப லென்ஸ் நல்லாயிருக்காக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு."

"காது ரெண்டு இருக்குலா. ஒன்னு விட்டா இன்னொன்னு எடுங்க" என்றாள். நீ சொல்லியிருக்கக்கூடியது.

எடுத்தேன். முதல் காதிலேயே வந்துவிட்டது. அழத் திறந்த வாயும், மாமனின் கையும், ஆசாரியின் விரலில் மின்னும் தோடும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது காதையும் எடுத்தேன், பயம் விடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கவிதாவின் அம்மா என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ண மண்டபமே கேக்க ஏசுனேனே. வாயக் கழுவுன்னு சொன்னேனேம்மா" என்றார். "பின்னால தெரிஞ்சப்பவாச்சும் வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவ."

"சொன்னா என் பேரு கெடும்னு விட்டுட்டா, ஆன்டி."

"இப்ப நான் யார்கிட்ட போயி மன்னிப்பு கேக்குறது?" என்றார். என் பாரத்தை இறக்க நினைத்து அவர் தலையிலும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. "நான் அவளுக்கு எழுதுவேன் ஆன்டி. சொல்லிடுறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மறக்காம சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். அவர் கேட்ட மன்னிப்போடு என்னுடையதையும் வாங்கிக்கொள். எண்ணெய் விட்டதற்கு அல்ல; அது உன் மணிக்கட்டுக்காக விட்டது. உனக்கு இரண்டடி பின்னால் பேசாமல் நின்றதற்கு.

வரும் வழியில் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் இறங்கி ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். இதை எழுதி முடித்ததும் ரப்பர் பட்டையை மறுபடி உரிக்க வேண்டும். உன் துணியை அப்படியே விட்டிருக்கிறேன், அதை மெல்ல விலக்கிவிட்டு மூன்று ஸ்குரூவிலும் பொட்டு வைக்கப் போகிறேன். கோணலாகத்தான் விழும். நான் தொட்டது, நானே பொறுப்பு.